8-ஆ, 10-ஆ, 12-ஆ? காருக்குச் சப்வூஃபர் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

டிக்கியைத் திறந்து காட்டினேன். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பன்னெண்டு போட்டுடலாம் சார், அதிரும்” என்றார். அளவு முடிவாக ஆன நேரம் பத்து விநாடிகூட இருக்காது. ரெடிமேட் போர்ட்டட் பாக்ஸில் (காற்று வந்துபோகத் துளைக் குழாய் வைத்தது) 12 அங்குல வூஃபரை, அதாவது அடிச்சுரங்களுக்கான ஸ்பீக்கரை, பூட்டிக் கொடுத்தார். அதிர்ந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தொம்’. பேஸ் கிடாரில் நான்கு வேறு சுரங்கள் வாசித்தாலும் ஒரே சுரமாகத்தான் கேட்டது. பின்சீட்டில் இருந்த அம்மா, “காதுல யாரோ தலகாணிய வச்சு அமுக்கற மாதிரி இருக்கு, நிறுத்துடா” என்றார்.

விசாரித்தால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “12 சத்தத்துக்கு. தெளிவா வேணும்னா 8 போடுங்க.” சரி என்று சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல ஆக்டிவ் வூஃபர் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் வகை) வாங்கினேன். தெளிவாகத்தான் இருந்தது. ஆழமான சுரங்களைத்தான் காணவில்லை. ஐந்து மாதத்தில் பாதி விலைக்கு விற்றேன். கடைசியில் மூலையில் கிடந்த அதே 12 அங்குல வூஃபரை, சரியான கொள்ளளவுக்குச் செய்த வேறொரு பாக்ஸில் மாட்டினேன். நான் தேடிய சத்தம் அதில்தான் வந்தது. அளவின்மேல் தப்பே இல்லை, பாக்ஸ்தான் வில்லன்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வீணானது. நீங்கள் அதைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. டிக்கியை அளங்கள், கடைக்குப் போகும் முன்

என்னுடையது 2018 ஸ்விஃப்ட். டிக்கி 268 லிட்டர். அதே காலத்து டிசையர் என்றால் 378. காகிதத்தில் இருக்கும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. வாரம் முழுக்க டிக்கியில் என்னென்ன ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். குழந்தை வண்டி, ஊருக்குப் போனால் இரண்டு பெட்டி, மாதம் ஒருமுறை அரிசி மூட்டை. இவையெல்லாம் போக மிஞ்சும் இடம்தான் வூஃபருக்கு.

எளிய வழி ஒன்று. வீட்டுக்கு வாங்கும் 26 கிலோ அரிசி மூட்டை ஏறத்தாழ 32 லிட்டர் இடம் பிடிக்கும். 12 அங்குல வூஃபருக்கான சீல்டு பாக்ஸின் (துளையே இல்லாமல் முழுக்க மூடியது) உள்ளளவும் பல மாடல்களில் இதை ஒட்டித்தான் வரும். மூட்டையை டிக்கியில் வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இடைஞ்சலாகத் தெரிந்தால் 12 உங்களுக்கு வேண்டாம். பலகையின் தடிமனும் சேரும் என்பதால் பாக்ஸ் மூட்டையைவிடப் பெரிதாகவே இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

டேப்பால் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகலம், உயரம் (பார்சல் ட்ரே வரை), ஆழம். ஆழத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாக எடுங்கள். பின்சீட் சாய்வாக இருப்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது.

சி.என்.ஜி. வண்டியாக இருந்து டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குலம், அல்லது ஸ்டெப்னி வளையத்துக்குள் உட்காரும் வகை. இருப்பதில் நல்லதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

2. எந்த ஆழம் வரை வேண்டும்?

நான்கு கம்பி பேஸ் கிடாரின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. ஐந்து கம்பி என்றால் 31. நம் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலும் 40-க்கு மேலேயே வேலை முடிந்துவிடும். இப்போது வரும் மின்னணு பேஸ் பாட்டுகள் 30 வரைக்கும் இறங்கும்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதே சத்தத்தை ஒரு பாதி அதிர்வெண்ணில் கொடுக்க, வூஃபர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 60 ஹெர்ட்ஸில் சிரமமில்லாமல் பாடுகிற 8 அங்குலம், 30-க்கு இறங்கினால் மூச்சு வாங்குவது இதனால்தான். எனக்கு நேர்ந்ததும் அதே.

கோனின் (வூஃபரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) பரப்பை ஒப்பிட, அங்குலத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். 8-க்கு 64, 10-க்கு 100, 12-க்கு 144, 15-க்கு 225. அதாவது 10-இலிருந்து 12-க்குப் போனால், கோன் அதே தூரம் அசைந்தாலே ஏறத்தாழ 3 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். ஆம்பின் (வூஃபருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது இதே 3 டெசிபல்தான். இரண்டு 10 போட்டால் 200, ஒற்றை 12-ஐவிட அதிகம். ஆனால் இரண்டு பாக்ஸ் இடம் வேண்டுமே.

3. ‘சின்னது வேகம், பெரியது மந்தம்’ என்பதை மறந்துவிடுங்கள்

நான் 8 வாங்கி ஏமாந்தது இந்த ஒரு வாசகத்தால். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிக்கிற எந்தக் கோனும் விநாடிக்கு 80 முறைக்குள்தான் அசைகிறது. 12 அங்குலக் கோனுக்கு அது பெரிய வேகமே இல்லை. நம் காதுக்கு ‘மந்தம்’ என்று படுவது வேறு: அடி விழுந்த பிறகும் சத்தம் நிற்காமல் இழுப்பது. அதற்குக் காரணம் கோனின் அளவு இல்லை, தப்பான பாக்ஸ். கொள்ளளவு பொருந்தாத பாக்ஸில், அல்லது துளைக் குழாய் 45, 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி டியூன் செய்த போர்ட்டட் பாக்ஸில், அந்த ஒரு இடத்தில் மட்டும் சத்தம் எகிறி நிற்கும். பக்கத்துச் சுரங்களெல்லாம் அதில் மூழ்கிவிடும். என் ரெடிமேட் பாக்ஸின் உள்ளளவையும் துளைக் குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். டியூனிங் சரியாக 47 ஹெர்ட்ஸ். அம்மாவின் தலகாணி அதுதான்.

இன்னொன்று, ஒரே சத்த அளவில் பெரிய கோன் குறைவாகத்தான் அசைய வேண்டியிருக்கும். குறைவாக அசைந்தால் பிசிறும் குறைவு. ஆக, தரம் வேண்டும் என்பவருக்கும் பெரிய அளவு எதிரி இல்லை. அதற்கு ஏற்ற பாக்ஸ் உங்கள் டிக்கியில் உட்காருமா என்பது மட்டுமே கேள்வி.

4. சீல்டு, போர்ட்டட்: முதல்முறை என்றால் சீல்டு

காரின் உள்ளே ஒரு வசதி உண்டு. கண்ணாடியெல்லாம் ஏற்றிய சின்ன அறை என்பதால், ஏறக்குறைய 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக பேஸ் தானாகவே ஏறும். இதைக் கேபின் கெயின் என்பார்கள். சீல்டு பாக்ஸில் அதே பகுதியில் சத்தம் மெல்ல இறங்கும். இறங்குவதும் ஏறுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ள, காதுக்குச் சமமாக வந்து சேரும். கடையில் பலகையில் மாட்டிக் காட்டும் டெமோவில் இது தெரியவே தெரியாது. அங்கே சப்பென்று இருக்கும் சீல்டு வூஃபர் காருக்குள் அழகாகப் பாடும். அங்கே பிரமாதமாக இருந்த போர்ட்டட் காருக்குள் இரைச்சலாகிவிடும். டெமோ கேட்பதென்றால் உங்கள் வண்டி வகையைச் சேர்ந்த ஒரு காருக்குள் உட்கார்ந்து கேளுங்கள்.

போர்ட்டட் கெட்டது என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டு 32, 33 ஹெர்ட்ஸில் டியூன் செய்தால் நன்றாகவே இருக்கும். அதற்குச் சீல்டைவிட ஒன்றரை மடங்கு இடமும், தெரிந்த ஆசாரியும், ஆம்பில் சப்சானிக் ஃபில்டரும் (மிக ஆழமான அதிர்வுகளைத் தடுப்பது) வேண்டும்.

செடான்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிக்கி தனி அறையாக இருப்பதால் பேஸ் பாதி அங்கேயே தங்கிவிடும். பின்சீட்டின் நடுக் கைப்பிடி வழியாகத் திறப்பு இருந்தால் நல்லது. வூஃபரைப் பின்பக்கம் பார்த்தும், முன்பக்கம் பார்த்தும் வைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு நிலையாகப் பொருத்துங்கள். ஹேட்ச்பேக்கில் 10 போதும் என்கிற இடத்தில் செடானுக்கு 12 தேவைப்படலாம்.

5. இப்போது அளவு

சீல்டு பாக்ஸின் உள்ளளவு, தோராயமாக:

8 அங்குலம்: 8 முதல் 14 லிட்டர். இடமே இல்லாதவர்களுக்கு, அல்லது கதவு ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் துணை போதும் என்பவர்களுக்கு.

10 அங்குலம்: 15 முதல் 22 லிட்டர். ஹேட்ச்பேக்கில் குடும்பத்தோடு போகிறவர், டிக்கியையும் பயன்படுத்த வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இது. நானே புதிதாக ஆரம்பித்தால் 10-தான் வாங்குவேன்.

12 அங்குலம்: 25 முதல் 35 லிட்டர். அரிசி மூட்டைப் பரீட்சையில் தேறியவர்களுக்கு.

15 அங்குலம்: 45 லிட்டரில் தொடங்கும். இதைப் படித்து முடிவெடுக்கும் நிலையில் இருப்பவருக்கு 15 தேவையில்லை.

இந்த எண்களை நம்பி மரம் அறுத்துவிடாதீர்கள். மாடலுக்கு மாடல் மாறும். அதற்குத்தான் அடுத்த படி.

6. ஸ்பெக் தாளைக் கேட்டு வாங்குங்கள்

அட்டைப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 1400 வாட், 2000 வாட் என்று இருப்பது ‘மேக்ஸ்’. அதைப் பார்க்கவே வேண்டாம். பார்க்க வேண்டியது தொடர்ந்து தாங்கும் வாட்டைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். மேக்ஸ் 1400 என்று போட்ட வூஃபரின் ஆர்.எம்.எஸ். 300, 350 என்று இருப்பது சர்வசாதாரணம்.

தாளில் தேட வேண்டியவை: கியூ.டி.எஸ். (Qts, கோனின் அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்ற எண்), வாஸ் (Vas, கோனின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு), எஃப்.எஸ். (Fs, கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண்), எக்ஸ்மேக்ஸ் (Xmax, கோன் பிசிறாமல் அசையும் தூரம்), பொருத்தும் ஆழம். கியூ.டி.எஸ். 0.4-க்கு மேல் இருந்தால் சீல்டுக்குப் பொருந்தும். அதைவிட நன்றாகக் குறைந்தால் போர்ட்டடுக்கு. இந்தத் தாள் நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கும். அது இல்லாத வூஃபரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தாள் இல்லையென்றால் பாக்ஸ் கணக்கே போட முடியாது.

கணக்கு இதுதான். 0.707-ஐக் கியூ.டி.எஸ்.-ஆல் வகுங்கள். வந்ததை அதனாலேயே பெருக்கி, 1-ஐக் கழியுங்கள். வாஸை அந்த எண்ணால் வகுத்தால் பாக்ஸின் லிட்டர் கிடைக்கும். என் 12 அங்குலத்துக்குக் கியூ.டி.எஸ். 0.43, வாஸ் 55 லிட்டர். 0.707-ஐ 0.43-ஆல் வகுத்தால் 1.644. அதை அதனாலேயே பெருக்கினால் 2.70. ஒன்றைக் கழித்தால் 1.70. 55-ஐ 1.70-ஆல் வகுத்தால் 32 லிட்டர். மூட்டைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். வின்.ஐ.எஸ்.டி. என்ற இலவச மென்பொருளில் போட்டும் சரிபார்க்கலாம்.

7. பாக்ஸ்: ரெடிமேடை அளக்காமல் வாங்காதீர்கள்

ரெடிமேட் பாக்ஸ்களில் ‘12 அங்குலம்’ என்று எழுதியிருப்பது ஓட்டையின் அளவு. கொள்ளளவு யாருக்கும் தெரியாது. சாய்வான பாக்ஸ் என்றால் மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கி, உள் அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். நான் முதலில் வாங்கியது 44 லிட்டர் வந்தது.

செய்யச் சொல்வதென்றால் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை. என் பாக்ஸின் உள்ளளவு 38 × 38 × 24 சென்டிமீட்டர், அதாவது 34.7 லிட்டர். வூஃபரின் காந்தமும் கூடையும் உள்ளே பிடிக்கும் இரண்டரை லிட்டரைக் கழித்தால் 32. வெளியளவு 41.6 × 41.6 × 27.6. மரம் மட்டும் பத்து கிலோ. மழையில் டிக்கியில் நீர் இறங்கும் வண்டி என்றால் எம்.டி.எஃப். ஊறிப் பொரிந்துவிடும், நல்ல பிளைவுட் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் டிக்கி ரப்பரை மாற்றுங்கள்.

ஆசாரியிடம் வெளியளவைச் சொல்லாதீர்கள். உள்ளளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் பழக்கத்தில் இரண்டையும் மாற்றிக்கொண்டால் பத்து லிட்டர் போய்விடும். மூட்டுகளில் உள்பக்கமும் பசை ஓட வேண்டும். முடிந்ததும் வூஃபரை மாட்டி, கோனை விரல் நுனிகளால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் காற்று கசியவில்லை. பட்டென்று வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

பாக்ஸை டிக்கியில் கட்டாயம் கட்டி வையுங்கள். சடன் பிரேக்கில் பதினேழு கிலோ முன்னால் பாய்ந்தால் பின்சீட்டில் இருப்பவர் கதி என்ன?

8. ஆம்ப், வயர்

மோனோ ஆம்பின் (வூஃபருக்கான ஒற்றைச் சேனல் ஆம்ப்) ஆர்.எம்.எஸ்., வூஃபரின் ஆர்.எம்.எஸ்.-ஐ ஒட்டி இருக்கட்டும். வாங்கும் முன் ஓம் (மின்தடை) கணக்கைப் பார்த்துவிடுங்கள். ‘இரட்டைக் காயில் 4 ஓம்’ வூஃபரை (4 ஓம் கம்பிச்சுருள் இரண்டு கொண்டது) பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரியஸில் 8 ஓம். ‘இரட்டைக் காயில் 2 ஓம்’ என்றால் 1 அல்லது 4. உங்கள் ஆம்ப் 1 ஓமைத் தாங்காது என்றால் அந்த வூஃபரை 4 ஓமில் மட்டுமே ஓட்ட முடியும், வாட் பாதியாகிவிடும்.

வயரில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். 4 கேஜ் என்று விற்கும் மலிவு கிட் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். பேட்டரியிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். “ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கு சார்” என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். வழியில் வயர் உரசிப் பாடியில் பட்டால் வண்டியைக் காப்பாற்றாது.

9. செலவும் நாளும்

மூன்றாவது முறை முடிந்தபோது, பழைய வூஃபரின் விலையையும் சேர்த்து எனக்கு ஆன கணக்கு: வூஃபர் 7,500 ரூபாய், மோனோ ஆம்ப் 11,000, செம்பு வயர் கிட் 3,800, பாக்ஸ் 3,200, பொருத்தும் கூலி 2,500. மொத்தம் 28,000. 10 அங்குலம் என்றால் வூஃபரிலும் பாக்ஸிலும் சேர்த்து இரண்டாயிரம் குறையலாம், மற்றதெல்லாம் அதேதான். வூஃபருக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு வயரில் மிச்சம் பிடிக்கிறவர்கள் அதிகம். நானும் முதல் தடவை அப்படித்தான்.

பாக்ஸ் செய்ய இரண்டு நாள். பசை காய விடுங்கள். பொருத்த அரை நாள். வண்டியைக் காலையில் விடுங்கள். மாலை ஐந்து மணிக்கு விட்டால் அவசரத்தில் வயரைக் கார்ப்பெட்டுக்கு மேலேயே ஓட்டிவிடுவார்கள்.

10. பில், வாரண்டி, இன்ஷூரன்ஸ்

ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். “பில் வேணாம்னா ஆயிரம் குறைச்சுக்கலாம்” என்பார்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்த ஆயிரத்தின் அருமை தெரியும்.

கம்பெனி வாரண்டி ஓடும் வண்டியில் ஒரிஜினல் வயரை வெட்ட விடாதீர்கள். ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. அவுட் (ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் வாய்) இல்லை என்றால், உங்கள் மாடலுக்கான கப்ளரும் (வயரை வெட்டாமல் இணைக்கும் பிளக்) ஹை-லோ கன்வர்ட்டரும் (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றதாக மாற்றுவது) வாங்கிக் கொடுங்கள். வெட்டிய வயரைக் காட்டி, பின்னால் வரும் மின்கோளாறுக்கெல்லாம் சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள்.

கார் இன்ஷூரன்ஸில் வெளியே வாங்கிப் பொருத்திய மின்சாதனம் தானாகச் சேராது. புதுப்பிக்கும்போது எலெக்ட்ரிக்கல் அக்சஸரி என்று மதிப்பைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். அது ஐ.எம்.டி. 24 என்ற பிரிவில் வரும். கூடுதல் பிரீமியம் வழக்கமாக மதிப்பில் 4 சதவீதம். 20,000 ரூபாய்ப் பொருளுக்கு 800. பில்லும், பொருத்திய பிறகு எடுத்த படமும் கேட்பார்கள்.

11. டியூனிங்: கடைக்காரர் காதை நம்பாதீர்கள்

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பேஸ் பூஸ்ட் முழுதாகத் திருகியிருக்கும், அவர்களுக்குத் தெரிந்த ‘சூப்பர்’ அது. முதல் வேலையாக அதைப் பூஜ்ஜியமாக்குங்கள். லோ பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை மட்டும் வூஃபருக்கு விடும் வடிகட்டி) 70, 80 ஹெர்ட்ஸ். 100-ஐத் தாண்டினால் பேஸ் பின்னால் இருந்து வருவது காதில் பிடிபட்டுவிடும். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை பாஸ் (அதற்கு மேலே உள்ளதை மட்டும் விடுவது) 80.

கெயினை (ஆம்ப் சிக்னலை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்ற திருகு) மல்ட்டிமீட்டரால் வையுங்கள். ஆம்பின் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்பின் வெளிவாயில் அந்த வோல்ட் வரும்வரை மட்டும் கெயினைத் திருகுங்கள். அது உச்ச வரம்பு. காதுக்கு அதிகமாகப் பட்டால் அங்கிருந்து குறைத்துக்கொள்ளுங்கள், நானும் கொஞ்சம் குறைத்தேதான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஃபேஸ், அதாவது வூஃபரும் கதவு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைகின்றனவா என்பது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, 0-க்கும் 180-க்கும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி.

கடைசியாக, எதெது ஆடுகிறது என்று பாருங்கள். 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனைப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். எனக்கு முதலில் மாட்டியது பின் நம்பர் பிளேட், இரட்டைப் பக்க ஃபோம் டேப்பில் அடங்கியது. அடுத்து பார்சல் ட்ரேயின் கொக்கி. அதன் பிறகும் 38 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு ‘கிர்ர்’ வந்துகொண்டிருந்தது. வூஃபரே பழுதோ என்று இரண்டு வாரம் பயந்துகொண்டிருந்தேன். டிக்கிப் பாயைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கி லூசாகக் கிடந்தது. பழைய துண்டு ஒன்றைச் சுற்றி வைத்தேன்.